செம்புலமும் பெயல்நீரும்: சிவகங்கைச் சீமையின் சரளை மண் குறித்து ஓர் ஆய்வு

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்தது. மாந்தர் வாழ்வைப் பாட வந்த இலக்கணம், மாந்தருக்கு முன்னதாக மண்ணையும் காலத்தையும் வைத்தது. ஆயினும் தமிழ் வகுப்பில் நாம் நிலம் என்று சொல்லும்போது பெரும்பாலும் திணையையே நினைக்கிறோம். காலடியில் கிடக்கும் மண்ணைக் கையில் அள்ளிப் பார்ப்பது புவியியல் துறையாரின் பணி என்று ஒதுங்கி விடுகிறோம். முதற்பொருளை விட்டுக் கருப்பொருளையும் உரிப்பொருளையும் மட்டும் கற்பது வேரை விட்டுக் கிளையைப் பற்றுவதாகும். எனவே சிவகங்கை மாவட்டத்தின் பெரும்பரப்பில் காணப்படும் செம்மண்ணையும், குறிப்பாக ஊரார் சரளை என்றும் செம்பறாங்கல் என்றும் வழங்கும் படிவத்தையும், அதன் இயல்பு, அது தோன்றிய தட்பவெப்பம், அது கிடக்கும் நிலத்தோற்றம் ஆகியவற்றோடு இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

நிலத்தின் கிடக்கை

இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985-இல் பிரிந்து உருவானது இம்மாவட்டம். வரைபடத்தில் பார்க்குங்கால் வடமேற்கில் நிலம் உயர்ந்தும், தென்கிழக்கில் கடலை நோக்கித் தாழ்ந்தும் செல்வதைக் காணலாம். சரிவு மிக மென்மையானது, நடந்து செல்வோர் உணரமாட்டார், நீர் உணரும். மணிமுத்தாறு, சருகணியாறு, பாம்பாறு ஆகிய ஆறுகள் எல்லாம் இச்சரிவின் வழியே ஓடுவன. அவை ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பன என்பதை இங்குள்ளோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

மேற்கிலிருந்து கிழக்காகப் பயணம் செய்தால் நான்கு வகை நிலங்களைக் கடக்கிறோம். சிங்கம்புணரி, திருப்பத்தூர்ப் பக்கம் கருங்கற் குன்றுகள் தலைதூக்கி நிற்கின்றன. வேள் பாரியின் பறம்பு எனப்படும் பிரான்மலை, கணியன் பூங்குன்றனாரின் ஊராகக் கருதப்படும் மகிபாலன்பட்டி, குடைவரைக் கோயிலால் பெயர்பெற்ற பிள்ளையார்பட்டி, குன்றக்குடி ஆகியவை இவ்வரிசையைச் சேர்ந்தவை. இக்குன்றுகளைச் சூழ்ந்து, அப்பாறைகளே சிதைந்து உண்டான செவல் மண் விரிந்திருக்கிறது. அதனைக் கடந்து காரைக்குடி, தேவகோட்டை, காளையார்கோயில் வட்டாரங்களை அடைந்தால் குன்றுகள் மறைந்து நிலம் மேசைபோல் தட்டையாகிறது. மண்ணின் சிவப்பு அடர்கிறது. வெட்டப்பட்ட பள்ளங்களில் புரைபுரையாய்த் துளைவிட்ட செங்கல் நிறப் பாறை தென்படுகிறது. தெற்கே வைகையோரம் திருப்புவனம், மானாமதுரைப் பகுதிகளில் ஆற்று வண்டல். இளையான்குடிப் பக்கம் கரிசலும் களியும் கலந்த நிலம்.

ஒரு மாவட்டத்துக்குள் மண் இப்படி மாறுவதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். காளையார்கோயிலின் பெரிய கோபுரத்தை மருது சகோதரர் எழுப்பியபோது, மானாமதுரையில் அறுத்துச் சுட்ட செங்கற்களை மக்கள் வரிசையாய் நின்று கைக்குக் கை மாற்றிக் கொண்டுவந்து சேர்த்தனர் என்பது இவ்வட்டாரத்தில் வழிவழியாக வழங்கும் செய்தி. இச்செய்தியை மருதிருவரின் மக்கட் செல்வாக்குக்குச் சான்றாக மேடைகளில் கேட்டிருக்கிறோம். மண்ணியல் நோக்கில் இதில் இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. சரளை மேட்டில் நல்ல செங்கல் அறுக்கும் மண் கிடைப்பது அரிது; அதற்கு வைகையின் வண்டற்களி வேண்டும். மானாமதுரையின் கடமும் மட்பாண்டமும் புகழ்பெற்றதற்கும் அக்களிமண்ணே காரணம். மானாமதுரை மட்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது.

இரு வகைச் சிவப்பு

செவல் மண்ணும் சரளை மண்ணும் நிறத்தால் ஒன்றுபோல் தோன்றும். மாணவர் பலர் இரண்டையும் செம்மண் என்றே எழுதிவிடுகின்றனர். பாடநூல்களும் சில வேளைகளில் இம்மயக்கத்துக்கு இடந்தருகின்றன. இரண்டுக்கும் சிவப்புத் தருவது இரும்பின் ஆக்சைடே எனினும், அவற்றின் பிறப்பு வேறு.

செவல் மண் அடியிலுள்ள கருங்கல் சிதைந்து உண்டானது. அதனைத் தோண்டிச் சென்றால் மண், அதன்கீழ் உதிர்ந்த பாறைத் துகள், அதன்கீழ் முழுப் பாறை என்று அடுக்கு அமையும். பாறையின் சத்துக்களில் ஒரு பகுதி இன்னும் அம்மண்ணில் எஞ்சியிருக்கும்.

சரளைப் படிவமோ சிதைவின் இறுதி நிலை. பாறையில் உள்ள பொருள்களுள் நீரில் எளிதில் கரைவன சோடியம், கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அது பாறையினூடே இறங்கும்போது இவற்றை முதலில் கரைத்துக்கொண்டு போகிறது. பின்னர் மிக மெதுவாக, மணற்சத்தாகிய சிலிக்காவும் கரைந்து போகிறது. கரையாமல் நிற்பவை இரும்பும் அலுமினியமும். அவற்றோடு கயோலின் என்னும் வெண்களியும் எஞ்சும். வெம்மையான நாட்டில், மழைக்காலமும் வறண்ட காலமும் மாறிமாறி வரும் இடத்தில், நிலத்தடி நீர் ஏறி இறங்கும் பகுதியில் இரும்பு ஓரிடத்தில் கரைந்து மற்றோரிடத்தில் உறைகிறது. நீர் ஏறும்போது காற்றின்றி இரும்பு கரைநிலை அடைகிறது; நீர் இறங்கிக் காற்றுப் புகும்போது துருவாகிப் படிகிறது. இவ்வாறு எண்ணற்ற முறை நிகழ்ந்தபின் முதலில் சிவந்த புள்ளிகளும், பின்னர்ப் பயறளவு உருண்டைகளும், இறுதியில் அவையெல்லாம் ஒட்டி இறுகிய பாறையும் உண்டாகின்றன. அந்த உருண்டைகளே சரளை, அப்பாறையே செம்பறாங்கல். நாட்டின் பிற பகுதிகளில் செம்புரைக்கல் என்றும் துருக்கல் என்றும் வழங்குவர். துருக்கல் என்ற பெயரில் வேதியியல் முழுவதும் அடங்கிவிட்டதென்றே சொல்லலாம்.

ஆழமாக வெட்டிய பள்ளம் ஒன்றின் சுவரை நோக்கினால் இவ்வரலாறு மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். மேலே ஒரு சாண் அளவில் சிவந்த மணற்பாங்கான மண், அடுத்துச் சரளை, அதன்கீழ்ப் புரையோடிய கல், அதற்கும் கீழே சிவப்பும் மஞ்சளும் வெண்மையும் திட்டுத்திட்டாய்க் கலந்த களி, அடியில் வெளிறிய வெண்களி. சிவப்பு ஹெமடைட் என்னும் கனிமத்தாலும் மஞ்சள் கோதைட் என்னும் கனிமத்தாலும் வருவது. முன்னது நீர் நீங்கிய இரும்பு ஆக்சைடு. பின்னது நீரைத் தன்னுள் கொண்டது.

இரும்பின் துருவைத் தடுக்க ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் அமைந்திருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. வள்ளல் அழகப்பர் நிலமும் பொருளும் ஈந்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953-இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. துருவே மண்ணாகிக் கிடக்கும் சீமையில் துருவை ஆராயும் கூடம் எழுந்தது தற்செயலே ஆயினும் பொருத்தமானது.

பெயரின் கதை

இப்படிவத்துக்கு உலக அறிவியலில் லேட்டரைட் என்று பெயர். அப்பெயர் பிறந்தது நம் அண்டை நிலமாகிய மலையாள நாட்டில். பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1800-1801-ஆம் ஆண்டுகளில் மைசூர், கன்னடம், மலபார் பகுதிகளில் பயணம் செய்தார். இன்றைய மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில், மக்கள் நிலத்திலிருந்து ஒரு மென்மையான கல்லைக் கோடரியால் வெட்டிச் சதுரமாக்கி, வெயிலில் வைத்து, இறுகியபின் வீடு கட்டுவதைக் கண்டு வியந்தார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான லேட்டர் என்பதிலிருந்து அக்கல்லுக்கு லேட்டரைட் என்று பெயரிட்டார். அவருடைய பயண நூல் 1807-இல் வெளிவந்தது. மலையாளத்தார் அதனை வெட்டுகல் என்றே அன்றும் இன்றும் அழைக்கின்றனர். அங்காடிப்புறம் இன்று தேசிய நிலவியல் நினைவிடங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

நிலத்தினுள் ஈரமாய் இருக்கும்போது மென்மையாயும், காற்றும் வெயிலும் பட்டபின் கடினமாயும் ஆவது இக்கல்லின் வியத்தகு இயல்பு. நீர் வெளியேற, இரும்பு ஆக்சைடு படிகமாகி இறுகுவதே காரணம். கம்போடியாவில் அங்கோர் வாட் கோயிலின் அடித்தளமும் மதில்களும் இக்கல்லால் ஆனவை. செட்டிநாட்டின் பழைய ஊரணிகள் சிலவற்றின் சுவர்களையும் படிகளையும் உற்று நோக்குவோர் இதே புரைக்கல்லைக் காண்பர். இதே சிதைவு இன்னும் ஒருபடி மேற்சென்று இரும்பு குறைந்து அலுமினியம் மிகுந்தால் அது பாக்சைட் ஆகும். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் கிடைப்பது அதுவே.

இன்றைய மழை ஈன்றதன்று

இனி இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருகிறோம்.

அங்காடிப்புறம் அமைந்த மலப்புறத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பொழிகிறது. சிவகங்கை மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியோ சுமார் 900 மி.மீ. அதிலும் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆவணி, புரட்டாசியில் மாலை இடியோடு வரும் மழையும் உண்டு. ஏனைய திங்கள்களில் வானம் வெறிச்சோடிக் கிடக்கும். சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 பாகையை எட்டும். மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் பெய்யும் நீரினும் மிகும். பாறையின் சத்தையெல்லாம் கரைத்துக் கழுவி, மீட்டர்க் கணக்கில் துருக்கல்லை விளைவிக்கும் வலிமை இம்மழைக்கு இல்லை.

அவ்வாறாயின் இம்மண் எங்ஙனம் வந்தது? இதற்கு நிலவியலார் தரும் விடை நம் கற்பனையை விரியச் செய்வது. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரச் சரளையின் கீழ்க் கிடப்பது கருங்கல் அன்று. கடலூர் மணற்கல் எனப்படும் படிவுப் பாறை. புதுவையின் செம்மண் மேடு, கடலூர்க் குன்று, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் மேலே கிடக்கும் மணற்கல், கல்மரங்களுக்குப் பெயர்பெற்ற திருவக்கரை, தஞ்சையை அடுத்த வல்லம், புதுக்கோட்டை என்று வடக்கிலிருந்து தெற்காகக் கடற்கரைக்கு இணையாய் விட்டுவிட்டு நீளும் தொடரின் தென்பகுதியே நம் சீமை. அம்மணற்கல்லின் பெரும்பகுதி மயோசீன் காலத்தில், அதாவது சற்றொப்ப 2.3 கோடி முதல் 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கால எல்லையில், ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலாலும் களியாலும் ஆனது. அதன்பின் இன்றினும் ஈரம் மிகுந்த காலங்கள் வந்தன. அக்காலங்களின் மழை அம்மணற்கல்லின் மேற்பரப்பைத் துருக்கல் கவசமாக்கிற்று. பிறகு மழை குறைந்தது, கவசம் எஞ்சியது.

தமிழகத்துச் சரளையின் தொன்மைக்கு மாந்தர் கைவண்ணமே சான்று தருகிறது. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளைப் படிவொன்றிலிருந்து இராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அன்று தொடங்கிற்று. அவர் பின்னர்க் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்து, அங்குள்ள பழங்கற்காலக் கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என 2011-இல் வெளியிட்டனர். அப்படிவுகளிலும் இரும்பு கலந்த சரளை உண்டு. அந்தக் கைக்கோடரியைச் செய்தவன் மிதித்த சரளையும் நமது சரளையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஒரு கைப்பிடிச் சரளை எத்தகைய கால அளவில் எண்ணத்தக்கது என்பதைக் காட்டவே இதனைக் கூறினோம்.

ஆகவே சிவகங்கையின் சரளை இன்றைய மழையின் பிள்ளை அன்று. பழைய மழையின் எச்சம். அள்ளிச் சென்றால் மீண்டும் விளையாது. இக்கருத்தை உளங்கொண்டால் இம்மண்ணின் குணங்கள் பலவற்றுக்கும் விளக்கம் கிடைக்கிறது.

மண்ணின் குணம்

கரைவனவெல்லாம் முன்பே கரைந்து போனமையால் இம்மண்ணில் சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் குறைவு. பல இடங்களில் அமிலத்தன்மை உண்டு. வெயிலின் கடுமையால் மக்குப் பொருள் விரைவில் எரிந்துபோய்த் தழைச்சத்தும் குறைகிறது. கயோலின் களிக்குச் சத்துக்களைப் பற்றி வைத்திருக்கும் ஆற்றல் சிறிது. ஆதலின் இட்ட உரம் ஒரு பெருமழையில் ஓடிவிடும். மணிச்சத்தின் நிலை இதற்கு மாறானது. அதனை இரும்பும் அலுமினியமும் இறுகப் பற்றிக்கொண்டு பயிருக்குக் கொடுக்க மறுக்கின்றன. கருமியின் பெட்டகத்தில் உள்ள பொன்போல, மண்ணில் மணிச்சத்து இருந்தும் பயிர் பசித்திருக்கும்.

நீரைப் பொறுத்தும் இம்மண் இருவகையாய் நடந்துகொள்கிறது. சரளை மிகுந்த இடத்தில் பெய்த நீர் நில்லாது இறங்கிவிடும். மூன்று நாள் வெயிலில் பயிர் வாடும். மெல்லிய செவல் மண்ணிலோ மழைத்துளி விழுந்த வேகத்தில் மேற்பரப்பு அப்பளம்போல் இறுகிவிடும். அதன்பின் பெய்யும் நீர் உள்ளிறங்காது மேலே ஓடும். முளைவிட்ட விதையும் அவ்வோட்டைப் பிளந்து வெளிவர மாட்டாது. இத்தகைய மண்ணுக்கு எக்டருக்கு 12.5 டன் தொழுவுரமோ மக்கிய தென்னைநார்க் கழிவோ இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கீழே இறுகிய தட்டு இருப்பின் உளிக் கலப்பையால் ஆழ உழச் சொல்கிறது. கயிற்றுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சிங்கம்புணரியில் தென்னைநார்க் கழிவு குவிவதும், அதே வட்டாரத்தில் செவல் மண் இறுகிக் கிடப்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. நோயும் மருந்தும் ஒரே ஊரில் இருக்கின்றன.

குறைகளையே அடுக்கினோம், இம்மண்ணுக்கு நிறைகளும் உண்டு. நீர் தேங்காமையால் வேர் அழுகாது, காற்றோட்டம் மிகுதி, ஆழ வேரோடும் மரங்கள் இதனை விரும்பும். பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த முந்திரி இச்சரளையில் தன் ஊர்போல் ஊன்றிக்கொண்டது. நிலக்கடலை, கொள், துவரை, வரகு ஆகியவை இம்மண்ணின் குறிப்பறிந்த பயிர்கள். நெல்லையும் இங்குள்ளோர் விட்டுவிடவில்லை. மழை வருமுன் ஆவணி, புரட்டாசியில் உலர்ந்த புழுதியில் நெல்லை விதைத்து வானம் பார்த்திருப்பர். முதல் மழையில் முளைத்து, கண்மாய் நிரம்பியபின் நீர் பாய்ச்சி நன்செய்ப் பயிராக வளர்ப்பர். புழுதி விதைப்பு எனப்படும் இம்முறை இச்சீமையின் தட்பவெப்பத்துக்கென்றே அமைந்தது.

இலக்கியம் கண்ட செம்புலம்

இத்தகைய நிலத்தை எந்தத் திணையில் வைப்பது? காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்பர். முல்லையைச் செம்புலம் என்று வழங்குதலும் உண்டு. வரகு, சாமை, முதிரை என முல்லைக்கு ஓதப்பட்ட உணவு வகைகளை மேலே கூறிய பயிர்களோடு ஒப்பிட்டால் பொருத்தம் தெளிவாகும். சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரின் ஊர் சிவகங்கைக்கு அருகிலுள்ள ஒக்கூரே என்பது இவ்வட்டாரத்தார் கொள்கை. அவர் பாடியனவாகக் குறுந்தொகையில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை முல்லைத் திணையைச் சேர்ந்தவை. கார்காலம் வந்தது, தலைவன் வரவில்லை என்னும் ஏக்கம், வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்க்கே முழுமையாக விளங்கும் ஏக்கம். மழை என்பது ஒரே பருவம். அதுவும் தவறினால் ஆண்டே தவறியது.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் கூறுவதும் இங்கு ஒத்துவருகிறது. மார்கழியில் முல்லையாய் இருக்கும் காளையார்கோயில் காட்டுப்புறம் வைகாசியில் பாலையாய் இருக்கும். ஒரே நிலம், ஒரே மண். பொழுது மாறத் திணை மாறுகிறது. நிலத்தோடு பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்றமையின் நுட்பம் சிவகங்கையில் ஓராண்டு வாழ்ந்தவர்க்கு உரையின்றியே விளங்கும்.

செம்மண்ணையும் மழையையும் பற்றிப் பேசுகையில் செம்புலப்பெயனீராரை நினையாதிருத்தல் இயலாது. தம் இயற்பெயர் மறைந்து, தாம் படைத்த உவமையாலேயே பெயர்பெற்ற புலவர் அவர். அப்பாடல் குறிஞ்சித் திணைக்குரியது. அதன் இலக்கிய நயத்தை ஆசிரியர் பலரும் எடுத்துரைத்துள்ளனர். அதன் பௌதிக உண்மையைச் சற்றுச் சொல்லலாம். செம்மண்ணின் களித்துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாய்ப் படிந்திருக்கிறது. துகள் மிக நுண்ணியது. நீரில் கலந்தால் எளிதில் படியாது மிதக்கும். மாணவர் ஒரு கண்ணாடிக் குவளையில் மழைநீரை எடுத்து ஒரு கைப்பிடிச் செம்மண்ணைக் கலக்கி வைத்துப் பார்க்கட்டும். மணல் உடனே அடியில் தங்கும். சிவப்பு நீரோடே நிற்கும். மறுநாள் பார்த்தாலும் நீர் முற்றத் தெளிந்திராது. உவமை கண்ட கண் எவ்வளவு கூர்மையானது என்பதை உணர இச்சிறு சோதனை போதும்.

ஆத்தங்குடித் தளக்கல்லின் சிவப்பும் இரும்பு ஆக்சைடின் நிறமே என்பதை இவ்விடத்தில் ஒரு சிறு குறிப்பாகச் சேர்த்துக்கொள்கிறோம்.

மண்ணுக்கு மக்கள் செய்த மறுமொழி

நீரை நிறுத்தி வைக்காத மண்ணில், ஆண்டில் மூன்று திங்கள் மட்டும் பெய்யும் மழையைக் கொண்டு ஊர்கள் எவ்வாறு நிலைத்தன? மண் செய்ய மறுத்ததை மக்கள் கரை கட்டிச் செய்தனர். மென்சரிவான நிலத்தில் குறுக்கே மண்கரை எழுப்பினால் பரந்த நீர்ப்பரப்புக் கிடைக்கும். ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு வரத்தாகக் கண்மாய்கள் சங்கிலியாய் அமைந்தன. குடிநீருக்கு ஊரணி தனியே வெட்டப்பட்டது. செட்டிநாட்டு ஊர்களில் வீட்டு முற்றத்தில் விழும் மழை கிணற்றுக்கும், தெருவில் ஓடும் மழை வடிகால் வழியே ஊரணிக்கும் செல்லுமாறு ஊரமைப்பே திட்டமிடப்பட்டது. வானுயர்ந்த மாளிகைகளைக் காண வருவோர் பலர் நிலைக்கதவையும் தூணையும் படமெடுத்துச் செல்கின்றனர். காலடியில் ஓடும் வடிகாலைக் காண்பவர் சிலரே. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றபோது இந்நீர் மேலாண்மையும் சிறப்பாகக் கூறப்பட்டது என்பது மகிழ்ச்சிக்குரியது.

கண்மாய் நீரை மட்டும் சேர்த்து வைக்கவில்லை. மேட்டிலிருந்து மழை கழுவிக்கொண்டு வரும் நுண்களியும் மக்கும் கண்மாயின் வயிற்றில் படிகின்றன. இதனை வண்டல் என்றும் கரம்பை என்றும் அழைப்பர். கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டியிட்டுக் கரம்பையை அள்ளிச் செவற்காட்டில் பரப்புவது பழைய வழக்கம். இதனால் கண்மாய் ஆழப்பட்டது. வயல் சத்துப் பெற்றது. சரளை மண்ணுக்கு இல்லாத நீர்பிடிப்பு ஆற்றல் களியால் கிடைத்தது. இவ்வழக்கம் நலிந்திருந்த நிலையில், 2017-இல் தமிழக அரசு நீர்நிலைகளின் வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழிசெய்தது.

எடுக்கத்தக்கதும் எடுக்கத்தகாததும்

இவ்விடத்தில்தான் மண்ணின் அடுக்குகளைப் பிரித்தறியும் அறிவு இன்றியமையாததாகிறது. வண்டல் அள்ளுதல் என்ற பெயரில் தோண்டுவோர் வண்டலோடு நிற்பதில்லை. அதன்கீழ் உள்ள சரளைக்கே சந்தையில் விலை மிகுதி. சாலை போடவும் மனை மேடாக்கவும் கிராவல் என்ற பெயரில் அது வண்டி வண்டியாகச் செல்கிறது. கண்மாயில் மட்டுமன்றிப் புறம்போக்கிலும் முந்திரிக் காட்டு ஓரத்திலும் இப்பள்ளங்களைக் காண்கிறோம். சாலையும் வேண்டும், வீடும் வேண்டும். அவற்றை வேண்டாமென்று சொல்பவர் எவருமில்லர். ஆனால் வண்டலும் சரளையும் ஒரே கணக்கில் எழுதத்தக்கவை அல்ல.

வண்டல் ஆண்டுதோறும் வருவது. இவ்வாண்டு எடுத்த இடத்தில் அடுத்த பெருமழை புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கும். சரளையோ மேலே கண்டவாறு இன்றைய மழை ஆக்க இயலாதது. மேல்மண்ணும் சரளையும் நீங்கிய இடத்தில் எஞ்சுவது புரைக்கல்லோ திட்டுக்களியோ ஆகும். காற்றும் வெயிலும் பட்டதும் அப்புரைக்கல் மேலும் இறுகும். அங்கே புல்லும் வேர்பிடிக்கத் தயங்கும். சீமைக்கருவேலம் மட்டும் எப்படியோ நுழைந்துவிடும். தைலமரத் தோப்புகளும் இத்தகைய ஏழை மண்ணில் விரைந்து வளர்வதாலேயே புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களில் பரவின. அவற்றின் நீர்த்தேவை குறித்து வழக்காடுவோர், அவை எந்த மண்ணில், எந்த மழையளவில் நிற்கின்றன என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

கண்மாயைத் தூர் வாரும்போது எங்கே நிறுத்துவது என்பதற்குக் கண்ணே அளவுகோலாகும். மேலே கிடப்பது சாம்பல் நிறமோ கருமையோ கலந்த மண். ஈரத்தில் வழுவழுப்பாய் விரலில் ஒட்டும். காய்ந்தால் பாளம் பாளமாய் வெடிக்கும். அது கரம்பை. அதன் அடியில், பல தலைமுறையாக நீரின் எடையால் அழுந்திச் செறிந்த களிப் படலம் இருக்கும். நீரைக் கீழே கசியவிடாமல் தாங்குவது அப்படலமே. மண்வெட்டியில் செம்மையும் பயறுபோன்ற உருண்டையும் தென்படத் தொடங்கினால் படலம் கிழிந்துவிட்டது என்பது பொருள். அதன்மேல் எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் கண்மாயின் கொள்ளளவு கணக்கில் கூடுமேயன்றி, தை பிறக்கும்போது நீர் நிற்காது. மாரியில் நிரம்பிய கண்மாய் சில வாரங்களில் வற்றிவிட்டதென ஊரார் வருந்தும் இடங்களில் மழையைக் குறைகூறுமுன் கண்மாயின் அடித்தளத்தைச் சென்று பார்ப்பது நன்று. கிழிந்த இடத்தில் கரம்பையையே மீண்டும் பரப்பி, நீர் தெளித்து, மாடுகளை நடக்கவிட்டு மிதித்து இறுக்குவது களியால் கசிவை அடைக்கும் எளிய முறை. அதற்குச் சில பருவங்கள் பிடிக்கும்.